ஊர்ப் பெயர் மாறியது, எம்.ஏ.எஸ். மாறவில்லை

சென்ட்ரலிலிருந்து கிளம்பும் எந்த ரயிலுக்கு முன்பதிவு செய்தாலும், நிலையத்தின் பெயரோடு எம்.ஏ.எஸ். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் கூடவே வரும். மதராஸ் என்ற பெயரின் சுருக்கம் அது. 1996-ல் மதராஸ் ஆங்கிலத்திலும் சென்னை ஆகிவிட்டது. 2019-ல் நிலையத்தின் பெயர் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் மத்திய ரயில் நிலையம் என்று நீண்டது. பெயர்ப்பலகை மாறியது, ஒலிபெருக்கி அறிவிப்பு மாறியது, கால அட்டவணை மாறியது. எம்.ஏ.எஸ். மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். காஞ்சிபுரத்துக்கு இன்றும் சி.ஜே. என்றுதான் குறி, வெள்ளைக்காரன் வாயில் அது கான்ஜீவரம். திருச்சிராப்பள்ளிக்கு டி.பி.ஜே.; டிரிச்சினாபொலி ஜங்ஷன். மயிலாடுதுறைக்கு எம்.வி.; நம் வயதுக்காரர்கள் இன்னும் வாய் தவறிச் சொல்லும் மாயவரம். கோழிக்கோட்டுக்கு சி.எல்.டி.; பழைய காலிகட். நம் பக்கத்தில் ஆவடிக்கு ஏ.வி.டி., அம்பத்தூருக்கு ஏ.பி.யு. இந்த இரண்டு ஊர்களுக்கும் யாரும் பெயர் மாற்றாததால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

இந்தக் குறிகள் கணினிக்காகப் பிறந்தவை அல்ல. தந்திக்காகப் பிறந்தவை. ஒவ்வொரு எழுத்தையும் கட்டுக்கடாவென்று தட்டி அனுப்ப வேண்டிய காலத்தில், நிலையத்தின் முழுப் பெயரையும் தட்டிக்கொண்டிருக்க ஸ்டேஷன் மாஸ்டருக்கு நேரம் ஏது? இரண்டு மூன்று எழுத்துகளில் ஊரைச் சொல்லிவிட்டு விஷயத்துக்குப் போவார். 2013 ஜூலையில் நம் நாட்டில் பொதுமக்களுக்கான தந்தி சேவையே முடிந்துபோயிற்று. கடைசி நாளில் பலர் வரிசையில் நின்று நினைவுக்காகத் தந்தி அடித்தார்கள். ஆனால் தந்திக்குப் பிறந்த எழுத்துகள் இன்றும் நம் கைப்பேசித் திரையில் வந்து நிற்கின்றன.

இதைச் சோம்பல் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கணினி தொடர்பான வேலையில் பல வருடங்கள் இருந்தவன் என்பதால், இதன் பின்னால் ஒரு பெரிய ஒழுக்கம் இருப்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஒரு பெரிய கணினியில் தகவல் எல்லாம் சேர்ந்து கிடக்கும். எந்த ரயிலில் எந்தத் தேதியில் எந்தப் படுக்கை யாருக்கு என்பது போல. இதை சர்வர் என்கிறோம். அதனிடம் கேட்டு வாங்கும் கவுண்டர் திரை, வீட்டுக் கணினி, கைப்பேசிச் செயலி எல்லாம் கிளையண்ட். நம் பாஷையில் சொன்னால் ஒன்று கல்யாண வீட்டுச் சமையற்கட்டு. மற்றவை பந்தியில் உட்கார்ந்திருக்கும் இலைகள். சமையற்கட்டு ஒன்றுதான். இலைகள் ஆயிரம். சமையற்கட்டை ஒரே ராத்திரியில் மாற்றிவிடலாம். ஆயிரம் இலையையும் ஒரே ராத்திரியில் மாற்ற முடியாது. சிக்கல் முழுவதும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இப்போது ரயில்வே முன்பதிவின் கதைக்கு வருவோம். கணினி வருவதற்கு முன்பு ஒவ்வொரு ரயிலுக்கும் ஒவ்வொரு தேதிக்கும் பெரிய பெரிய பதிவேடுகள். இந்த ரயிலுக்கு இந்தக் கவுண்டர், அந்த ரயிலுக்கு அந்தக் கவுண்டர் என்று வரிசை மாறி நின்று கால் கடுத்தது பலருக்கும் நினைவிருக்கும். திரும்பி வரும் பயணத்துக்கு இடம் வேண்டுமென்றால் தந்தி போய்ப் பதில் வர வேண்டும். ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் திரும்பும் டிக்கெட் உறுதியாகவில்லையே என்ற கவலையிலேயே விசேஷம் முடிந்துவிடும்.

1985-ன் இறுதியில் டெல்லியில் சோதனையாகக் கணினி முன்பதிவு தொடங்கியது. அரசு நிறுவனமான சி.எம்.சி. எழுதிய அந்த மென்பொருளுக்கு இம்ப்ரெஸ் என்று பெயர். 1987-ல் மதராஸ், பம்பாய், கல்கத்தா ஆகிய இடங்களுக்கும், 1989-ல் செகந்திராபாத்துக்கும் வந்தது. எந்தக் கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் என்பது அன்றைக்கு அதிசயம். ஆனாலும் ஐந்தும் ஐந்து தனித் தீவுகள். மதராஸ் கணினிக்கு டெல்லி கணினியைத் தெரியாது.

இந்த ஐந்தையும் இணைக்கத் தனி மென்பொருள் எழுதினார்கள். ரயில்வேயின் சொந்தக் கணினி அமைப்பாக 1986-ல் உருவான கிரிஸ், அதற்கு கான்சர்ட் என்று பெயர் வைத்தது. 1990-களில் ஒவ்வொரு மையமாக அதற்கு மாறி, 1999 ஏப்ரலில் ஐந்தும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. இதில் கவனிக்க வேண்டியது அந்த ‘ஒவ்வொரு மையமாக’ என்பதைத்தான். ஐந்து மையங்களையும் மூடிவிட்டு, நாடு முழுக்க ஒரு மாதம் முன்பதிவு கிடையாது என்று சொல்லி மாற்றியிருக்க முடியுமா? ரயில் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும் ரயிலில் பெட்டி மாற்றுவது போன்ற வேலை அது. பாதி நாடு புதிய முறையிலும் மீதி நாடு பழைய முறையிலும் இருக்கும் காலத்தைத் தாங்கித்தான் கடக்க வேண்டும்.

உங்கள் பழைய டிக்கெட் ஏதாவது இருந்தால் பி.என்.ஆர். எண்ணைப் பாருங்கள். பத்து இலக்கம். நம் பக்கத்து ரயில்களுக்குப் பெரும்பாலும் 4-ல் தொடங்கும். செகந்திராபாத்துக்கு 1, டெல்லிக்கு 2, 3, சென்னைக்கு 4, 5, கல்கத்தாவுக்கு 6, 7, மும்பைக்கு 8, 9. அதாவது, இந்த டிக்கெட்டின் விவரம் எந்த மையத்தில் இருக்கிறது என்பதை முதல் இலக்கமே சொல்லிவிடுகிறது. ஐந்தும் இணைந்த பிறகு, ஆவடி கவுண்டரில் கேட்டாலும் ஹவுராவில் கேட்டாலும், எந்தச் சமையற்கட்டுக்குப் போக வேண்டும் என்பது எண்ணிலேயே இருக்கிறது. பழைய தீவுகளின் வரைபடம் இன்னும் நம் சட்டைப் பையில் இருக்கிறது என்றால் மிகையில்லை.

அந்தக் கணினிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பதிவு முதலில் ஓடியது அமெரிக்காவின் டிஜிட்டல் நிறுவனம் செய்த வாக்ஸ் கணினிகளில். அவற்றின் இயக்க மென்பொருள் 1977-ல் வந்த வி.எம்.எஸ். 1992-ல் அதே நிறுவனம் ஆல்ஃபா என்ற புதிய வகைக் கணினியைக் கொண்டுவந்தது. உள்ளே இருக்கும் சில்லு முற்றிலும் வேறு. வாக்ஸுக்கு எழுதிய நிரல் அதற்குப் புரியாது. ஆனால் அந்த நிறுவனம் வாடிக்கையாளர்களைத் தெருவில் விடவில்லை. வாக்ஸ் நிரலை ஆல்ஃபாவுக்கு மொழிபெயர்க்க ஒரு கருவி கொடுத்தது. பழைய வாக்ஸும் புதிய ஆல்ஃபாவும் ஒரே கூட்டத்தில் சேர்ந்து, ஒரே தகவலைப் பகிர்ந்து வேலை செய்ய வழி வைத்தது. ஒரு கணினியை நிறுத்திப் புதுப்பித்து, அது எழுந்ததும் அடுத்ததை நிறுத்தலாம். மொத்த வேலை நிற்காது. நம் முன்பதிவு அமைப்பும் பின்னாளில் வாக்ஸிலிருந்து ஆல்ஃபாவுக்கு நகர்ந்தது. கவுண்டருக்கு வெளியே நின்ற நமக்கு அது தெரியவே இல்லை. இந்தத் தொழிலில் நல்ல வேலைக்கு அடையாளமே அதுதான். செய்தது யாருக்கும் தெரியாது.

கவுண்டர் பக்கமும் இப்படித்தான். எழுத்து மட்டும் காட்டும் கறுப்புத் திரைகளை நாம் பார்த்திருக்கிறோம். அந்த வகைத் திரைகளில் பெயர் பெற்றது 1978-ல் அதே டிஜிட்டல் நிறுவனம் செய்த வி.டி.100. திரையில் இந்த இடத்துக்குப் போ, இந்த வரியை அழி என்று சொல்ல அதற்கென்று ஒரு சிறு பாஷை. அந்தப் பெட்டிகள் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் லினக்ஸ் கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து வேலை செய்யும் இன்றைய இளைஞன், தன்னையறியாமல் பெரும்பாலும் அந்த வி.டி.100 பாஷையில்தான் பேசிக்கொண்டிருக்கிறான். கருவி செத்துப்போனது, அதோடு செய்த ஒப்பந்தம் சாகவில்லை.

2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையவழி முன்பதிவு தொடங்கியது. புதிதாக ஒரு இலை போட்டார்கள், அவ்வளவுதான். சமையற்கட்டு அதேதான். இன்றைக்கும் பேரன் கைப்பேசியில் எடுப்பதும், தாத்தா படிவம் நிரப்பிக் கவுண்டரில் எடுப்பதும் ஒரே தகவல் கிடங்கிலிருந்துதான். தாத்தாவின் ஆர்.ஏ.சி. எண் பேரனுடைய எண்ணுக்கு அடுத்ததாகவே வரலாம்.

இனி, என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் மிக அழகான கட்டம். 2010 டிசம்பர் 20 அன்று ரயில் எண்கள் நான்கு இலக்கத்திலிருந்து ஐந்து இலக்கமாக மாறின. ரயில்கள் பெருகிவிட்டன, நான்கு இலக்கம் போதவில்லை. கணினிக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும் மாற்றம் இது. அப்போது 90 நாட்களுக்கு முன்பே முன்பதிவு செய்யலாம். பழைய எண் அச்சிட்ட டிக்கெட்டோடு புதிய எண் ரயிலில் ஏறப்போகிறவர்கள் நாடு முழுவதும் இருந்தார்கள். எண்ணைப் புதிதாகக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தால் பொங்கல் சமயத்தில் பிளாட்பாரமே அல்லோலகல்லோலப்பட்டிருக்கும்.

என்ன செய்தார்கள்? பெரும்பாலான மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களுக்குப் பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு முன்னால் ஒரு 1 போட்டார்கள். நம் அம்பத்தூர், ஆவடி தண்டவாளத்தில் தினமும் பறக்கும் பிருந்தாவன் 2639-ஆக இருந்தது, 12639 ஆனது. கோவை எக்ஸ்பிரஸ் 2675, 12675 ஆனது. சேரன் 2673, 12673 ஆனது. பழைய எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தவருக்கு எதுவும் மறந்துபோகவில்லை. பழைய டிக்கெட்டைப் பார்த்த பரிசோதகருக்கும் குழப்பமில்லை. காலியாகக் கிடந்த மற்ற தொடக்க இலக்கங்களைப் புதிய வேலைகளுக்கு ஒதுக்கினார்கள். சிறப்பு ரயிலுக்கு 0, நம் ஆவடி லோக்கல் போன்ற புறநகர் வண்டிகளுக்கு 4, பாசஞ்சருக்கு 5. சென்னைத் தொலைபேசி எண்கள் ஏழிலிருந்து எட்டு இலக்கமானபோதும் இதே உபாயம்தான். பழைய எண்ணுக்கு முன்னால் ஒரு 2. டைரியில் எழுதி வைத்திருந்த ஒரு எண்ணும் வீணாகவில்லை. உள்ளதை அழிக்காதே, முன்னால் சேர். தகவல் கிடங்கு மாற்றும் எல்லோருக்கும் நான் சொல்லும் முதல் பாடம் இதுதான்.

அப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? நானே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2005 வாக்கில் எஸ்டேட் பக்கம் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். சரக்கு வெளியே போகிற சலான் எல்லாம் கணினியில். தகவல் கிடங்காக மைஎஸ்க்யூஎல் என்ற மென்பொருள். பணம் கொடுக்காமல் கிடைப்பது என்பதால் அப்போது சிறு நிறுவனங்கள் பலவும் அதை வைத்திருந்தன. வேறு ஊரில் இருந்த தலைமை அலுவலகத்தின் முடிவுப்படி ஒரு சனிக்கிழமை சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றினார்கள். திங்கள் காலை அலுவலகத்தில் இருந்த புதிய கணினிகள் எல்லாம் வேலை செய்தன. ஸ்டோர்ஸில் இருந்த பழைய கணினிகள் மட்டும் உள்ளே நுழையவே முடியவில்லை. சர்வர் கேட்கும் கடவுச்சொல் முறை உன்னிடம் இல்லை, உன்னைப் புதுப்பித்துக்கொள் என்று ஒரே பதில்.

காரணம் எளிது. அந்த மென்பொருளின் 4.1 பதிப்பில் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறையை மாற்றியிருந்தார்கள். முன்பு 16 எழுத்துகளில் சுருக்கி வைத்ததை 41 எழுத்துகளாக்கினார்கள். பழைய முறை பலவீனமானது, திருடன் உடைத்துவிடுவான் என்பதால் செய்த மாற்றம், நியாயமானதும்கூட. ஆனால் பழைய கிளையண்டுக்கு 41 எழுத்து பாஷை தெரியாது. வாசலில் இரண்டு லாரி நிற்கிறது. சலான் இல்லாமல் கேட் திறக்காது. ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு லோடு கணக்கில்தான் கூலி. மதியம் வரை அவர்கள் வேப்பமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏ.சி. அறைக்குள் ‘பதிப்பு மாற்றம் வெற்றி’ என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், வெளியே அரைநாள் கூலி போயிற்று. கணினி மாற்றத்தின் செலவை யார் கட்டுகிறார்கள் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மென்பொருளை எழுதியவர்கள் இதை எதிர்பார்த்து வழி வைத்திருந்தார்கள். பழைய கிளையண்ட் இருக்கிறது என்று சர்வருக்குச் சொன்னால், அந்தப் பயனாளருக்கு மட்டும் பழைய முறையிலேயே கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளும். ஒரே சர்வரில் இரண்டு முறையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். அன்று மதியம் அதைத்தான் செய்து கேட்டைத் திறந்தார்கள். பழைய முறையை அவர்கள் முற்றாக நீக்கியது 2015-ல் வந்த 5.7 பதிப்பில்தான். 4.1 பொதுப் பயனுக்கு வந்தது 2004-ல். பதினொரு வருட அவகாசம்! 2018-ல் 8.0 பதிப்பில் மறுபடியும் கடவுச்சொல் முறையை மாற்றினார்கள். பழைய கிளையண்டுகள் மறுபடியும் வாசலில் நின்றன. அப்போதும் பழைய முறையை வேண்டியவர்கள் வைத்துக்கொள்ள இடம் இருந்தது. இடம் இருப்பதை முன்கூட்டியே படித்துப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அனுபவஸ்தர்கள் பின்பற்றும் வரிசை புரியும். சர்வரை முதலில் மாற்று. ஆனால் புதிய சர்வருக்குப் பழைய பாஷையும் தெரிந்திருக்கட்டும். பிறகு கிளையண்டுகளை ஒவ்வொன்றாக, அவரவர் வசதிக்கு மாற்று. எல்லோரும் மாறிவிட்டார்களா என்று கணக்கெடு. கடைசி ஆளும் மாறிய பிறகே பழைய வாசலை மூடு. கிளையண்டும் சர்வரும் முதலில் சந்திக்கும்போது, நான் இன்ன பதிப்பு, எனக்கு இன்னது தெரியும் என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்ததில் பேச்சு நடக்கும். படித்த மகன் ஊருக்கு வந்தால் பாட்டியிடம் பாட்டியின் தமிழில் பேசுவதில்லையா, அதுபோல. அதிகம் தெரிந்தவன்தான் இறங்கி வர வேண்டும்.

எதையுமே மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ரயில்வேயே சில இடங்களில் குறியை மாற்றியிருக்கிறது. முகல்சராய் 2018-ல் தீனதயாள் உபாத்யாயா பெயருக்கு மாறியபோது எம்.ஜி.எஸ். போய் டி.டி.யு. வந்தது. அலகாபாத் பிரயாக்ராஜ் ஆனதும் 2020-ல் ஏ.எல்.டி. போய் பி.ஆர்.ஒய்.ஜே. வந்தது. முடியாத காரியம் அல்ல. ஆனால் அந்த மூன்று எழுத்தைப் பார்த்து வேலை செய்யும் ஒவ்வொரு மென்பொருளையும், ஒவ்வொரு அட்டவணையையும், பல வருடங்களாக அதைத் தட்டிப் பழகிய ஒவ்வொரு குமாஸ்தாவின் விரலையும் சேர்த்து மாற்ற வேண்டும். பெங்களூரில் நிலையத்துக்குச் சங்கொல்லி ராயண்ணா பெயர் வைத்தார்கள், எஸ்.பி.சி. குறியைத் தொடவில்லை. சென்ட்ரலிலும் அப்படியே. பலகையில் இருக்கும் பெயர் மக்களுக்கு. உள்ளே இருக்கும் குறி இயந்திரத்துக்கு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைக்காததால்தான், ஊர் தன் பெயரைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள முடிந்தது. எம்.ஏ.எஸ். மாறாததால் சென்னை என்ற பெயருக்கு ஒரு குறைவும் வரவில்லை.

இப்போது எனக்குள்ள கவலை வேறு. நம் வயதுக்காரர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பிள்ளைகள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த கைப்பேசி. ஒருநாள் காலை வங்கிச் செயலி, ‘உங்கள் கருவியில் இனி இயங்காது’ என்று சொல்லிவிடும். ஏன் என்று கேட்க ஆளில்லை. பாதுகாப்புக்காக என்பார்கள், பல நேரம் அது உண்மையும்தான். பழைய பூட்டை வைத்துக்கொண்டு பணத்தைக் காக்க முடியாது. ஆனால் அந்த 4.1 பதிப்புக்காரர்கள் பணம் வாங்காமலே பதினொரு வருடம் கொடுத்தார்கள். நம்மிடம் பணம் வாங்குகிறவர்கள் முன்கூட்டி ஒரு அறிவிப்பும், கொஞ்சம் அவகாசமும், மாற்று வழியாக ஒரு கவுண்டரும் கொடுக்கக் கூடாதா?

அதனால்தான் ஆவடி ஸ்டேஷன் முன்பதிவுக் கவுண்டரில் நாலு பேர் நிற்பதைப் பார்த்தால் எனக்குத் திருப்தியாக இருக்கிறது. அந்த வரிசையைப் பழைய பஞ்சாங்கம் என்று நினைக்காதீர்கள். உலகத்தில் எத்தனையோ சர்வர்கள் தங்கள் பழைய கிளையண்டுகளைக் கைகழுவிவிட்டன. 1987-ல் நம்மூருக்கு வந்த ஒன்று, இன்னும் படிவத்தில் பேனாவால் எழுதிக் கொடுக்கிற ஆளையும் ஏற்றுக்கொள்கிறது. அந்த வாசலை எப்போது மூடுவது என்று முடிவெடுக்கும் அறையில் உட்காரப்போகும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். எஸ்டேட்டிலும் ரோட்டோர ஐ.டி. பூங்காக்களிலும் வேலை பார்க்கும் அவர்களிடம், கடைசி ஆள் மாறிவிட்டாரா என்று பார்த்துவிட்டு மூடச் சொல்லுங்கள்.

பழைய நான்கு இலக்க எண் போட்ட டிக்கெட்டோ, அதற்கும் முந்தைய அட்டை டிக்கெட்டோ யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டி, இதில் இருக்கும் எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். முன்னால் ஒரு 1 மட்டும்தான் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.